வம்பர் மகாசபையும் வேதாந்தமும்: இளம் கதைக்காரனுக்கு ஒரு கடிதம்

ஆடலூர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கதைப் புத்தகத்துக்குத் திண்டுக்கல்லில் நடந்த கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறாய். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தியானத்தில் உட்கார்ந்து எழுந்த மாதிரி இருந்தது என்றாராம். கல்லூரிப் பையன், பாதிக்குமேல் ஒன்றும் வெளங்கலை என்றானாம். கருப்புச் சட்டை போட்டிருந்த பெரியவர், மூடநம்பிக்கைக்குச் சலவை செய்து கொடுக்கிற வேலை இது என்றிருக்கிறார். வருஷா வருஷம் பழனிக்கு நடந்து போகும் அம்மா ஒருவர், போகர் சித்தரை வைத்து இஷ்டத்துக்குக் கற்பனை பண்ணலாமா என்று வருத்தப்பட்டிருக்கிறார். "இதுல யாரை நம்புறது அண்ணே?" என்று முடித்திருக்கிறாய்.

யாரையும் நம்ப வேண்டாம். ஆனால் எல்லோரையும் திரும்பப் போய்ப் பார். பிடித்ததா, பிடிக்கவில்லையா என்று கேட்காதே. அதற்கு வரும் பதில் பெரும்பாலும் அவர்களைப் பற்றியது. எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தீர்கள், எந்தப் பக்கத்தில் அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் படித்தீர்கள் என்று கேள். அந்தப் பதில்தான் உன் எழுத்தைப் பற்றியது. சித்தரையும் சூட்சும உலகத்தையும் எழுதுகிறவனுக்கு இந்த ஒரு கேள்வி போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் தோன்றுகிறது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளக் கடிதம்.

நம் மலையிறங்கினால் வத்தலக்குண்டு. கொடைக்கானல் போகிறவர்களுக்கு அது டீ குடிக்க பஸ் நிற்கும் ஊர். 1872-ல் ராஜம் ஐயர் பிறந்தது அங்கேதான். இருபத்தோரு வயதில், 1893-ல், 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் 'கமலாம்பாள் சரித்திர'த்தைத் தொடராக எழுத ஆரம்பித்தார். 1895-ல் தொடர் முடிந்தது, அடுத்த வருஷம் புத்தகமானது. தமிழில் நாவல் என்ற சரக்கே அப்போது புதுசு. வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வந்தே பதினான்கு வருஷம்தான் ஆகியிருந்தது.

இந்த நாவலின் நோக்கம் என்ன என்பதை ராஜம் ஐயர் ஒளித்து வைக்கவில்லை. உலகத்தில் கிடந்து உழன்ற ஆத்மா ஒன்று கடைசியில் அமைதி அடைந்ததைச் சொல்வதே தன் வேலை என்று அவரே எழுதிவிட்டார். ஆனால் வாசகர்கள் பிடித்துக்கொண்டது வேறு. சிறுகுளம் என்ற கிராமத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர்ப் பெண்கள் கூடிப் புறம் பேசும் 'வம்பர் மகாசபை'யைப் பிடித்துக்கொண்டார்கள். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதரின் அசட்டுத்தனத்தை, பேயாண்டித் தேவனை, ஜல்லிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதன்பின் கதாநாயகர் முத்துஸ்வாமி ஐயருக்குக் கைப்பொருள் போகிறது. மனைவி கமலாம்பாள்மேல் அபவாதம் காதில் விழுகிறது. வீட்டைத் துறந்து கிளம்பிக் குருவிடம் போய்ச் சேருகிறார். ஆசிரியர் சொல்ல வந்த விஷயம் அங்கேதான் தொடங்குகிறது. வாசகர்களில் பலர் இறங்கிக்கொண்டதும் அங்கேதான். முன்பாதி நாவல், பின்பாதி வேறு எதுவோ என்ற பேச்சு அன்றைக்குக் கிளம்பியது, நூறு வருஷத்துக்கு மேலாகியும் ஓயவில்லை.

எனக்கு அந்தப் பேச்சில் பாதி உடன்பாடு. அம்மையப்ப பிள்ளை வாயைத் திறந்தால் அவர் உட்கார்ந்திருக்கும் திண்ணை நமக்குத் தெரிகிறது. குரு வாயைத் திறந்தால் குருவே தெரிவதில்லை. பண்டிதரை அத்தனை கூர்மையாகப் பார்த்த கண், குருவுக்கு முன்னால் கும்பிட்டபடி மூடிக்கொண்டது. பழுது வேதாந்தத்தில் இல்லை, பார்ப்பதை நிறுத்தியதில் இருக்கிறது.

மீதிப் பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை. வேதாந்தத்தை வெட்டிவிட்டுக் கிராமத்தை மட்டும் எழுதியிருந்தால் அருமையான நாவலாகியிருக்கும் என்பவர்கள், அந்த முன்பாதிச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை. வம்பு பேசும் பெண்கள்மேல் அவருக்குக் கோபம் இல்லை. இத்தனை ஆட்டமும் ஒருநாள் அடங்கும் என்று தெரிந்தவனின் சிரிப்பு அது. வேதாந்தப் பசி இல்லாத ராஜம் ஐயர் அந்த வம்பர் மகாசபையை வெறும் கேலிச்சித்திரமாக எழுதியிருப்பார். ஆகவே 'சாமியார் விஷயத்தை விட்டுட்டு எஸ்டேட் கூலிக்காரங்க கதைய மட்டும் எழுதுங்க' என்று உனக்குச் சொன்ன அந்த நண்பருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உன் வேலையைப் பார்.

ராஜம் ஐயரின் மீதிக் கதை சின்னது. 1896 ஜூலையில் சென்னையில் விவேகானந்தரின் அன்பர்கள் 'பிரபுத்த பாரதா' என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கியபோது அதற்கு அவர்தான் ஆசிரியர். அதிலும் தொடர்கதை எழுதினார், வாசுதேவ சாஸ்திரி என்பவரைப் பற்றி. 1898 மே மாதம் இறந்துபோனார். வயது இருபத்தாறு. இதழ் அல்மோராவுக்குப் போய்விட்டது, இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. அவர் ஆங்கிலத்தில் எழுதிய வேதாந்தப் பக்கங்களைத் தொகுத்துப் பெரிய புத்தகமாகவும் போட்டார்கள். அதைப் படித்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. சிறுகுளத்துக்கு மட்டும் ஆள் போய்க்கொண்டேயிருக்கிறது.

இப்போது உன் மூன்றாவது கதைக்கு வருகிறேன். தாண்டிக்குடிப் பக்கத்துக் கற்திட்டைக்குள் மழைக்கு ஒதுங்கும் பெண், வெளியே வரும்போது காலம் மாறியிருக்கிறது. காப்பிப் பழம் எடுத்துவிட்டு வருகிறவள், சாக்கின் ஈரம் முதுகில் இறங்குகிறது, கணுக்காலில் அட்டை, எடை போடுகிறவன் அரைக்கிலோ ஏமாற்றியது மனதில் ஓடுகிறது. அதுவரைக்கும் நான் அவள் கூடவே நடந்தேன். உள்ளே சித்தர் உட்கார்ந்திருக்கிறார், அதுவும் சரி. பிறகு அவர் பேச ஆரம்பிக்கிறார். பேசுகிறார், பேசுகிறார், செந்தமிழில் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். அவளுக்குக் கால் அரிக்கவே இல்லை. அட்டை என்ன ஆயிற்று? அந்தக் கல்லூரிப் பையன் புத்தகத்தை மூடியது அந்த இடமாகத்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். போய்க் கேட்டுப் பார்.

நம் ஊரில் முனி பார்த்த கதை சொல்கிறவர்களைக் கவனித்திருப்பாய். எடுத்த எடுப்பில் முனியைக் கொண்டுவர மாட்டார்கள். எந்தக் கொண்டை ஊசி வளைவு, டார்ச்சில் கட்டை தீர்ந்தது எப்போது, கூட வந்த மச்சான் எதற்காகப் பின்தங்கினான், அவன் குடித்திருந்தானா இல்லையா, எல்லாம் வரும். கேட்கிறவன் அந்த வளைவில் வந்து நின்ற பிறகுதான் முனி வரும். அதுவும் பேசாது. அப்படியே பேசினாலும் நெருப்புக் கேட்கும், சுருட்டுக் கேட்கும். யானை வந்த கதையையும் இதே மாதிரிதான் சொல்கிறோம்: எந்த வாழைக்கட்டை, எந்த வேலி. யானைக்கும் முனிக்கும் ஒரே இலக்கணம் என்பதால்தான் இரண்டையும் கேட்கிறவர்கள் நம்புகிறார்கள். மிளகுக்கொடி ஏற சில்வர் ஓக் வேண்டியிருப்பதுபோல அதிசயம் ஏற ஒரு கெட்டியான சாதாரணம் வேண்டும்.

புதுமைப்பித்தன் இதை எவ்வளவு தெரிந்து வைத்திருந்தார் பார். கடவுள் சென்னைக்கு வரும் கதையில், கடவுள் வருமுன் கந்தசாமிப் பிள்ளை பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேரும் முனையில் நின்று, டிராமில் போனால் என்ன மிச்சம், பஸ்ஸில் போனால் என்ன மிச்சம், நடந்தால் வெற்றிலைக்கு ஆகுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். கடவுள் வந்ததும் அவரைக் காப்பி ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறார். தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கிறார். படித்துவிட்டு ஆத்திகரும் சிரிக்கிறார், நாத்திகரும் சிரிக்கிறார். இருவரும் வேறு வேறு காரணத்துக்காகச் சிரிக்கிறார்கள் என்பது அந்தக் கதையின் தோல்வி அல்ல.

உனக்குக் கிடைத்த பாராட்டைப் பற்றியும் கொஞ்சம். அந்தத் தலைமையாசிரியரை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கவலை. நல்ல மனிதராக இருக்கலாம். ஆனால் 'தியானம் மாதிரி' என்ற சொல்லுக்குப் பிறகு எழுதுகிறவனுக்குக் கேட்க என்ன இருக்கிறது? மௌனிக்கு நடந்தது உனக்குத் தெரிந்திருக்கும். கணக்கில் பட்டம் வாங்கிய எஸ். மணி என்ற கும்பகோணத்துக்காரர் 1936-ல் 'மணிக்கொடி' இதழில் எழுத வந்தபோது, அவருக்கு மௌனி என்று பெயர் வைத்தவர் பி. எஸ். ராமையா. அவரும் வத்தலக்குண்டுதான், இந்த மலையடிவாரத்தைப் பற்றி நான் கொஞ்சம் அலட்டிக்கொள்வதைப் பொறுத்துக்கொள். புதுமைப்பித்தன், தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்று மௌனிக்குப் பட்டம் கட்டினார். மௌனி வாழ்நாளில் எழுதியதே இருபத்துநான்கு கதைகள்தான். 1985-ல் மறைந்தார்.

திருமூலர் என்ற பட்டம் அன்பில் கொடுத்ததுதான். விளைவு என்ன? செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே நுழைகிற வாசகர்கள் ஒருபக்கம், இது நமக்கில்லை என்று வாசலோடு திரும்பிப் போகிறவர்கள் மறுபக்கம் என்று ஆகிவிட்டது. நடுவில் நின்று கதையைக் கதையாகப் படிப்பவர்கள் குறைந்துபோனார்கள். 'அழியாச்சுடர்' கதையில் கோயிலின் கல் யாளி உயிர் பெற்றதுபோல எழுகிற இடம் இருக்கிறது. அங்கே எனக்கு இப்போதும் புல்லரிக்கும். 'பிரபஞ்ச கான'த்தில், பாடினால் உயிருக்கு ஆபத்து என்று தடுக்கப்பட்ட பெண் பாடுகிறாள். அந்தப் பாட்டு வரை நான் போனேன், அதற்குப் பின் வரும் பிரபஞ்ச விசாரத்தில் தங்க முடியவில்லை. இப்படிச் சொன்னால் மௌனி பக்தர்கள் என்னை அடிக்க வருவார்கள். ஆனால் ஒரு கதைக்குள் இந்த இடம் எழுந்தது, இந்த இடம் எழவில்லை என்று சொல்கிறவன்தான் அதைப் படித்தவன். தலைமையாசிரியரிடம் எந்தக் கதையில், எந்த இடத்தில் தியானம் வந்தது என்று கேட்டுப் பார். பதில் சொல்ல முடிந்தால் அவர் உன் வாசகர். முடியாவிட்டால் உன் அட்டைப்படத்தைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கருப்புச் சட்டைக்காரர் விஷயத்தில் நீ அவசரப்பட்டுவிட்டாய். 'வறட்டு நாத்திகம்' என்று எழுதியிருக்கிறாய். இந்த மண்ணில் சாமியார் பெயரைச் சொல்லி நிலம் போனவர்கள், நகை போனவர்கள், மானம் போனவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு தலைமுறை அடிவாங்கியிருக்கிறது. உன் ஐந்தாவது கதையில் மாரில் கட்டி வந்த பெண் மதுரை ஆஸ்பத்திரி மருந்தைக் குப்பையில் போட்டுவிட்டு, சித்தர் கொடுத்த பச்சிலையைத் தின்று குணமாகிறாள். அவர் மூடியது அந்தப் பக்கத்தையாக இருந்தால் அவர் செய்தது சரி. கற்பனைக்கு எல்லை இல்லை என்று எனக்குப் பதில் எழுதாதே. காலம் புரண்டு படுக்கும் என்று எழுது, கல் பேசும் என்று எழுது, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இங்கே பாச்சலூரிலும் பன்றிமலையிலும் மார்புக் கட்டியை வெளியே சொல்லக் கூசிக் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் உண்மையில் இருக்கிறார்கள். அந்த மருந்து குப்பைக்குப் போனதில் கதைக்கும் எந்த லாபமும் இல்லை. வலியே இல்லாமல் குணமாகிற நோயாளிக்குள் கதை எங்கே நடக்கும்?

பழனி அம்மாவுக்கு வருவோம். போகர் சீனத்துக்குப் பறந்து போனார், நவபாஷாணத்தில் முருகனைச் செய்தார், மலைக்கோயில் பிராகாரத்திலேயே சமாதியானார் என்று அந்த அம்மா கேட்டு வளர்ந்திருக்கிறார். தாண்டிக்குடியிலிருந்து பழனிக்கு முருகன் ஒரே தாவாகத் தாவியதையும் நம்புகிறார். பறப்பதும் தாவுவதும் அவருக்குப் பிரச்சினையே இல்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். அறிவியல் கற்பனை என்று நகரத்தில் பேர் வைத்துப் பேசுகிற சரக்கு அவருக்குப் பாட்டியிடமிருந்தே கிடைத்துவிட்டது. அவரை உறுத்தியது வேறு. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் வேலை செய்கிறவன் தூரநோக்கியில் போகரைப் பார்ப்பதாக எழுதினாயே, அங்கே உன் போகர் நகரத்துப் பையன் மாதிரி நையாண்டி பேசுகிறார். அந்த நையாண்டி போகருடையது அல்ல, உன்னுடையது. பக்தியான கதை எழுதிவிட்டோமோ என்ற கூச்சத்தில், படித்தவர்களைப் பார்த்துக் கண்ணடித்திருக்கிறாய். அந்த அம்மாவுக்கு அது உடனே தெரிந்துவிட்டது. 'கற்பனை பண்ணலாமா' என்று அவர் சொன்னதை நீ தணிக்கையாக எடுத்துக்கொண்டாய். நீயே நம்பாததை ஏன் எழுதினாய் என்று அவர் கேட்டதாக எனக்குப் படுகிறது.

அந்த ஆய்வகக் கதை வீணாகப் போகக்கூடாது என்பதால் இன்னும் கொஞ்சம். நம் மலைமேல் 1899-ல் அந்த ஆய்வகம் தொடங்கியது, பிறகு சூரியனைப் படம் எடுத்துக்கொண்டேயிருக்கிறார்கள். 1909-ல் அங்கே இருந்த எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளியே பாய்வதைக் கண்டுபிடித்தார். ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால் சில கோடுகள் துளி விலகியிருக்கும், அந்த விலகலிலிருந்து பாய்ச்சலைக் கண்டார். ஒரு பக்கம் ரசவாதச் சித்தர், இன்னொரு பக்கம் கோடு நகர்ந்ததை அளந்த மனிதர், இரண்டும் ஒரே மலைத்தொடரில். இதற்கு மேல் உனக்கு என்ன வேண்டும்? அந்தப் பொறுமையான அளவெடுப்பை எழுது. தினமும் காலையில் மேகம் விலகுமா என்று வானத்தைப் பார்க்கிற சிப்பந்தியை எழுது. போகர் தானே வருவார்.

புரியவில்லை என்பவனும் பிடிக்கவில்லை என்பவனும் வாசகனே இல்லை என்று நினைக்கிறவனுக்கு ஒரு வெளியூர்க் கதை. இங்கிலாந்தில் டேவிட் லிண்ட்சே என்றொருவர் இருந்தார். 1920-ல் 'எ வாயேஜ் டு ஆர்க்டுரஸ்' என்ற நாவல் எழுதினார். ஒருவன் வேறொரு நட்சத்திரத்தின் கிரகத்துக்குப் போய், உடம்பில் புதுப்புது உறுப்புகள் முளைக்க முளைக்கப் புதுப்புதுத் தத்துவங்களைத் தாண்டிப் போகிறான். முதல் பதிப்பு அறுநூறு பிரதிகூட விற்கவில்லை. 1945-ல் அவர் இறந்தபோது பெரும்பாலானவர்களுக்கு அவரைத் தெரியாது. ஆனால் அதைப் படித்தவர்களில் ஒருவர் சி. எஸ். லூயிஸ். கிறிஸ்தவ விசுவாசி, லிண்ட்சேயின் தத்துவம் அவருக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. அது சாத்தானுக்குப் பக்கத்து வீடு என்கிற அளவுக்கு நினைத்தார். நடையும் அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேற்றுக்கிரகக் கதையை ஆன்மாவின் பயணத்துக்குப் பயன்படுத்தலாம் என்று தனக்குக் காட்டியவர் லிண்ட்சேதான் என்று ஒப்புக்கொண்டார். 1938-ல் தன் சொந்த கிரகக் கதையை எழுதினார். லிண்ட்சேயின் கொள்கையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை, வழியை எடுத்துக்கொண்டார். உன் கருப்புச் சட்டைப் பெரியவரோ அந்தக் கல்லூரிப் பையனோ உன் கதையிலிருந்து எதை எடுத்துப்போய் எங்கே நடப்போகிறார்கள் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பத்திரிகையில் வந்த மதிப்புரைக்கு மறுப்பு எழுதலாமா என்று கேட்டிருந்தாய். எழுதாதே. பிரமிளை எடுத்துக்கொள். 1939-ல் திருகோணமலையில் பிறந்தவர், இளம் வயதிலேயே 'எழுத்து' பத்திரிகையில் கவிதையும் விமர்சனமுமாக அசத்தியவர். மௌனி கதைகளுக்கு அவர் எழுதிய முன்னுரையை நீ கட்டாயம் படிக்க வேண்டும். ஆன்மிகம், அமானுஷ்யம், விஞ்ஞானம் எல்லாம் அவர் எழுத்தில் ஒன்றாக ஓடின. 'ஆயி' போன்ற கதைகளும் எழுதினார். கவிதையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அந்தக் கதைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் அவர் போட்ட சண்டைகளைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்தச் சண்டைகளில் பல நியாயமானவை என்பது என் கட்சி. இருந்தாலும் அந்த மையில் இன்னும் சில கதைகள் வந்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்குத் தீரவில்லை.

'எழுத்து'வை 1959-ல் தொடங்கிய சி. சு. செல்லப்பா என்ன செய்தார்? இவரும் வத்தலக்குண்டு, இதோடு நிறுத்திக்கொள்கிறேன். புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். வாங்காதவர்களிடமும் பேசினார், புரியவில்லை என்ற பிள்ளைகளிடமும் உட்கார்ந்து பேசினார். அவர் கைப்பணம் அதில் கரைந்தது, அதை உனக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் வாசகனின் முகத்துக்கு நேரே நின்ற அந்தப் பழக்கத்தைச் செய்வேன்.

ஆக, வேலை இதுதான். ஐந்தாவது கதையில் அந்தப் பெண்ணின் மருந்தைக் குப்பையிலிருந்து எடுத்துத் திரும்ப அவள் முந்தானையில் முடி. பிறகு கதை என்ன ஆகிறது என்று பார். மூன்றாவது கதையில் சித்தரின் பேச்சை முழுக்க அடித்துவிட்டு, அட்டைக்கு அவர் என்ன செய்தார் என்று மட்டும் எழுது. ஆய்வகக் கதையை இப்போதைக்குத் தொடாதே. இடையில் 'கமலாம்பாள் சரித்திர'த்தின் பின்பாதியைப் பென்சிலோடு படி. எங்கெல்லாம் நீ புத்தகத்தை மூட நினைத்தாயோ அங்கெல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போடு. தை மாதம் பழம் எடுப்பு முடிந்ததும் நான் திண்டுக்கல் வருவேன். பிரதியைக் கையோடு கொண்டுவா, என் கோடுகளோடு ஒத்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்